ஃபோம் அட்டையில் போர் விமானம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபோம் அட்டையை வெட்டி ஒட்டி, ரிமோட்டில் பறக்கும் போர் விமானம் செய்ய ஆசைப்படுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. பதில்களில் பாதி நானே உடைத்துக் கற்றுக்கொண்டது. வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. எடை, சிஜி (விமானம் சமன்படும் புள்ளி) பற்றிய பதில்களை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

இதுவரை எந்த விமானமும் பறக்கவிட்டதில்லை. நேரடியாகப் போர் விமானத்தில் ஆரம்பிக்கலாமா?

வேண்டாம். பயிற்சி விமானத்தில் இறக்கை உடலுக்கு மேலே இருக்கும், நுனிகள் சற்று உயர்ந்திருக்கும். பதறிப்போய் ஸ்டிக்கை விட்டுவிட்டால்கூட அது தானே நிமிர்ந்துகொள்ளும். போர் விமானத்தைச் சாய்த்தால் சாய்ந்தபடியே போகும். நீங்கள்தான் நிமிர்த்த வேண்டும். சண்டையில் சட்டென்று திரும்ப வேண்டும் என்றே அதை அப்படி வடிவமைத்திருக்கிறார்கள்.

காசு வீணாகுமே என்று யோசிக்காதீர்கள். அதே ஃபோமில் மேல் இறக்கை விமானம் ஒன்று செய்து பழகுங்கள். மோட்டார், சர்வோ (இறக்கை, வால் மடிப்புகளை அசைக்கும் குட்டி மோட்டார்), ரிசீவர் (ரிமோட்டின் சிக்னலை வாங்கும் கருவி) எல்லாவற்றையும் பிறகு கழற்றிப் போர் விமானத்தில் மாட்டிக்கொள்ளலாம். விமானம் நம்மை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறிப்போகுமே, அந்தக் குழப்பம் தீர கணினி சிமுலேட்டரில் சில மணி நேரம் உட்கார்ந்தால் போதும்.

எந்த ஃபோம் வாங்குவது?

மூன்று வகைகளை நம்பலாம். முதலாவது, இருபுறமும் காகிதம் ஒட்டிய 5 மி.மீ. ஃபோம் போர்டு. காகிதம் இருப்பதால் விறைப்பு உண்டு, மடிக்கவும் எளிது. இரண்டாவது டெப்ரான். இது காகிதம் இல்லாத, மென்மையான பாலிஸ்டைரீன் தாள். 3, 6 மி.மீ. கனங்களில் வரும். ஜெட் மாதிரிகளுக்கு இதைவிட நல்லது கிடையாது. மூன்றாவது ஈ.பி.பி. ரப்பர் மாதிரி வளையும், எவ்வளவு மோதினாலும் உடையாது. ஆனால் விறைப்பே இல்லாததால் கார்பன் குச்சி கொடுத்துத்தான் நிமிர்த்த வேண்டும்.

மணி மணியாக உதிரும் சாதாரணத் தெர்மோகோல் தாள் வெட்டும்போதே கையோடு வந்துவிடும். விளம்பரப் பலகைக்குப் பயன்படும் பி.வி.சி. போர்டு பார்க்க ஃபோம் போர்டு மாதிரியே இருக்கும், ஆனால் அதே கனத்தில் பல மடங்கு எடை. அதில் செய்த விமானத்தைச் சுவரில்தான் மாட்ட முடியும்.

வாங்குவதற்கு முன் ஒரு தாளை எடை போட்டுப் பாருங்கள். நல்ல ஃபோம் போர்டு ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம் அளவில் இருக்கும், 6 மி.மீ. டெப்ரான் 200 கிராம் பக்கத்தில். 500 கிராமைத் தொட்டால் அது படம் ஒட்டுவதற்கான அட்டை. விட்டுவிடுங்கள்.

முதல் போர் விமானமாக எதைச் செய்யலாம்?

எல்லோரும் இரண்டாம் உலகப் போர்க் காலத்து பிரிட்டிஷ் விமானமான ஸ்பிட்ஃபயரைத்தான் கேட்பார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் நுனியில் குறுகிக்கொண்டே போகும் அந்த நீள்வட்ட இறக்கை, வேகம் குறைந்தால் முதலில் நுனியில்தான் தூக்கு விசையை இழக்கும். உடனே ஒரு பக்கமாகப் புரண்டு விழும். அசல் ஸ்பிட்ஃபயரிலேயே இதற்கு ஏற்பாடு இருந்தது: இறக்கையின் அடிப்பகுதி 2 டிகிரி மேல்நோக்கியும், நுனி அரை டிகிரி கீழ்நோக்கியும் முறுக்கப்பட்டிருந்தது. நாமும் அதையே செய்யலாம். ஒட்டும்போது நுனியின் பின்விளிம்புக்கு அடியில் 5 மி.மீ. ஃபோம் துண்டைச் செருகிவைத்துக் காய விட்டால், ஏறக்குறைய அதே முறுக்கு வந்துவிடும்.

என்னைக் கேட்டால் முதலில் அதே போரில் பறந்த அமெரிக்க பி-51 மஸ்டாங். நேர்க்கோட்டு விளிம்புகள், அகன்ற நுனி, வெட்டுவதும் சுலபம். அசலின் இறக்கை விரிவு சுமார் 11.3 மீட்டர், பதினொன்றில் ஒரு பங்கு எடுத்தால் ஒரு மீட்டர் சொச்சம், கையாள வசதியான அளவு.

ஜெட்தான் வேண்டுமென்றால் ரஷ்யாவின் சு-27. உடலும் இறக்கையும் ஒன்றாகக் கலந்த வடிவம் என்பதால், தட்டையான தாளில் வெட்டினாலும் உயிர் இருக்கும். இருபதில் ஒரு பங்கில் விரிவு 73 செ.மீ., நீளம் 110 செ.மீ. பரந்த மேற்பரப்பு இருப்பதால் நினைப்பதைவிட மெதுவாகவே பறக்கும்.

ஜெட் விமானத்தில் ப்ரொப்பெல்லரை எங்கே வைப்பது?

உடலின் பின்பாதியில், இரு எஞ்சின் குழாய்களுக்கும் மேலே தாளில் ஒரு பிளவு வெட்டி, அதற்குள் சுழல விடுவார்கள். 6 அங்குல ப்ரொப்பெல்லருக்கு 7 அங்குலப் பிளவு. பறக்கும்போது கண்ணுக்கே தெரியாது. குழாய்க்குள் சுழலும் மின்விசிறி யூனிட்டும் உண்டு. சத்தம் அசல் ஜெட் போலவே இருக்கும், ஆனால் அதே இழுவிசைக்கு மின்னோட்டம் அதிகம் தின்னும், பேட்டரியும் கனக்கும். அது மூன்றாவது நான்காவது விமானத்துக்கு.

எடை எவ்வளவு இருக்கலாம்?

மொத்த எடையை இறக்கைப் பரப்பால் வகுங்கள். ஒரு மீட்டர் மஸ்டாங்கில் இறக்கையின் சராசரி அகலம் 18 செ.மீ. என்றால் பரப்பு 18 சதுர டெசிமீட்டர். பேட்டரியோடு சேர்த்து 700 கிராம் என்றால், ஒரு சதுர டெசிமீட்டருக்கு 39 கிராம். முதல் போர் விமானத்துக்கு 40ஐத் தாண்ட வேண்டாம். 50 என்றாலும் பறக்கும். ஆனால் விழாமல் இருக்க வேகமாகவே போக வேண்டியிருக்கும், இறங்கும்போதும் அதே வேகம்தான்.

எடை எங்கிருந்து வருகிறது என்பதுதான் வேடிக்கை. யாரும் மோட்டாரில் தவறு செய்வதில்லை. பசையில் செய்கிறார்கள். 20 செ.மீ. நீளமுள்ள மெல்லிய ஹாட் க்ளூ (உருக்கி ஒட்டும் பசை) குச்சி ஒன்று ஏறக்குறைய 7 கிராம். "பலமாக இருக்கட்டும்" என்று ஐந்து குச்சி கூடுதலாக ஊற்றினால் 35 கிராம். நான்கு சர்வோக்களின் எடை அது. அதிலும் வால் பக்கம் ஊற்றிய ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் இரண்டு மூன்று கிராம் ஈடு வைக்க வேண்டிவரும். சமையல் தராசு ஒன்றை மேசை மேலேயே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாகத்தையும் ஒட்டுவதற்கு முன் எடை போட்டு அதன் மேலேயே பென்சிலில் எழுதிவிடுவேன். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை.

ஃபோம் போர்டை உருளையாக வளைப்பது எப்படி? மடிந்து போகிறதே!

உள்பக்கம் வரும் காகிதத்தை முதலில் உரித்துவிட வேண்டும். ஒரு மூலையில் நகத்தால் கிளப்பி, தாளை மேசையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, காகிதத்தைத் தன் மேலேயே மடித்தாற்போல் தட்டையான கோணத்தில் மெதுவாக இழுங்கள். நேராக மேலே தூக்கினால் ஃபோமும் பிய்ந்துகொண்டு வரும். பிடிவாதம் பிடித்தால் காகிதத்தை லேசாக ஈரத்துணியால் துடைத்து, ஒரு நிமிடம் பொறுத்து உரித்துப் பாருங்கள்.

அப்புறம் உரித்த பக்கம் கீழே இருக்கும்படி தாளை மேசை விளிம்பில் வைத்து, உள்ளங்கையால் அழுத்திக் கீழ்நோக்கி இழுக்க வேண்டும். பழைய காலண்டரைச் சுருட்டி வைத்தால் சுருள் நிற்குமே, அதே மாதிரி. ஒரே தடவையில் வளைக்கப் பார்த்தால் பட்டென்று முறியும். ஐந்தாறு முறை இழுத்த பிறகு தாள் தானாகவே வளைந்து நிற்கும். அதன் பிறகுதான் சட்டங்களின் மேல் ஒட்ட வேண்டும்.

கூர்மையான மூலை வேண்டுமென்றால் மேல் காகிதத்தையும் ஃபோமையும் மட்டும் கீறி, அடிக் காகிதத்தைக் கீலாக விட்டு மடியுங்கள். டெப்ரானில் காகிதம் இல்லாததால் மிதமான சூடு காட்டி வளைக்கலாம். சூடு கொஞ்சம் கூடினாலும் சுருங்கிவிடும் என்பதால் முதலில் கழிவுத் துண்டில் பழகுங்கள்.

கத்தி?

பிளேடை முறித்து முறித்துப் பயன்படுத்தும் சாதாரண கட்டர் போதும். மழுங்கிய முனை ஃபோமை வெட்டாது, பிய்க்கும். நான்கைந்து மீட்டர் வெட்டியதும் ஒரு பல் முறித்துவிடுங்கள். கஞ்சத்தனம் வேண்டாம்.

எந்தப் பசை ஃபோமைக் கரைக்காது?

சாதாரண உடனடிப் பசை பாலிஸ்டைரீனைக் கரைத்துக் குழியாக்கிவிடும். ஃபோமுக்கென்றே தனி உடனடிப் பசை விற்கிறார்கள், அது சரி. ஹாட் க்ளூ வேகமானது, ஆனால் முழுச் சூட்டில் டெப்ரானை உருக்கும். குறைந்த வெப்பத்தில் இயங்கும் பசைத் துப்பாக்கி பயன்படுத்துங்கள். மோட்டார் பலகை, இறக்கைக் குச்சி போன்ற இடங்களுக்கு எபாக்ஸி (இரண்டு திரவங்களைக் கலந்து ஒட்டும் பசை). வெயிலில் நிறுத்திய காருக்குள் விமானத்தை வைத்தால் ஹாட் க்ளூ இளகிவிடும் என்பதால் மோட்டாரை மட்டும் அதை நம்பி ஒட்டாதீர்கள்.

இறக்கை வெறும் தட்டைத் தாளாக இருந்தால் பறக்குமா?

பறக்கும். கொஞ்சம் மேல்நோக்கிய கோணத்தில் காற்றை எதிர்கொள்ளும் எந்தத் தட்டும் தூக்கும். ஆனால் மெதுவான வேகத்தில் சீக்கிரம் கைவிடும்.

இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. ரிச்சர்ட் கிளைன், ஃப்ளாய்ட் ஃபோகிள்மன் என்ற இருவர் இறக்கையில் படிக்கட்டு போல ஒரு வெட்டு வைக்கும் அமைப்புக்கு 1972இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்கள். தொடக்கம் ஒரு காகித விமானம்தான். பெரிய விமானங்களுக்கு அது பயன்படவில்லை, ஃபோம் மாதிரிகளில் கொடிகட்டிப் பறக்கிறது. அதில் நமக்குத் தோதான வகை, இறக்கையின் மேல் பக்கத்தில் முன்பாதியை மட்டும் மூடும்படி இரண்டாவது தாளை ஒட்டுவது. படி அகலத்தின் 50 சதவீதத்தில் வரும். முன்விளிம்பை உப்புத்தாளால் உருட்டிவிட வேண்டும், படியை மட்டும் கூர்மையாகவே விடுங்கள். இறக்கை விறைப்பாகும், வேகம் குறைந்தாலும் நிதானமாக நிற்கும். மஸ்டாங் மாதிரி உருண்ட விமானத்துக்கு, நடுவில் சட்டம் வைத்துத் தாளை மடித்து மூடும் முழு வடிவ இறக்கைதான் பார்க்க நன்றாக இருக்கும்.

மோட்டார், பேட்டரி எல்லாம் என்ன அளவு?

மோட்டாரில் எழுதியிருக்கும் கேவி எண், சுமையில்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதைச் சொல்கிறது. 2200 கேவி மோட்டாருக்கு 11.1 வோல்ட் கொடுத்தால் நிமிடத்துக்கு 24,000 சுற்றுக்கு மேல். இவ்வளவு வேகத்துக்குச் சின்ன ப்ரொப்பெல்லர்தான் பொருந்தும்.

சு-27க்கு 2212 அளவில் 2200 கேவி மோட்டார், 6×4 ப்ரொப்பெல்லர் (முதல் எண் விட்டம், இரண்டாவது ஒரு சுற்றில் முன்னேறும் தூரம், இரண்டும் அங்குலத்தில்), 30 ஆம்பியர் ஈ.எஸ்.சி. (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி), மூன்று செல் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி. மஸ்டாங்குக்கு அதே 2212 அளவில் 1000 கேவி மோட்டார், 10×4.5 ப்ரொப்பெல்லர். இழுவிசை ஜெட் மாதிரிக்கு எடைக்குச் சமமாக இருந்தால் ஜாலி, மஸ்டாங்குக்கு எடையில் முக்கால் பங்கே தாராளம். இந்த இரண்டு மோட்டார்களின் ப்ரொப்பெல்லரையும் மாற்றி மாட்டிவிடாதீர்கள். 2200 கேவியில் 10 அங்குலத்தை மாட்டினால் மோட்டார் புகையும்.

பறக்கும் நேரம் சின்னக் கணக்குதான். 2200 மில்லி ஆம்பியர் மணி பேட்டரியில் 80 சதவீதம் பயன்படுத்தினால் 1.76 ஆம்பியர் மணி. சராசரியாக 12 ஆம்பியர் இழுத்தால் ஒன்பது நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. ரிமோட்டில் ஏழு நிமிடத்துக்கு அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

சிஜி என்கிறார்களே, அதை எங்கே வைப்பது?

சிஜி என்றால் விமானத்தின் மொத்த எடையும் சமன்படும் புள்ளி. மஸ்டாங் மாதிரி வால் உள்ள விமானத்தில், இறக்கையின் சராசரி அகலத்தில் முன்விளிம்பிலிருந்து 25 முதல் 30 சதவீதத்தில் இருக்க வேண்டும். 18 செ.மீ. அகலத்துக்கு 4.5 முதல் 5.4 செ.மீ. முதல் பறப்புக்கு முன்பக்க எண்ணையே எடுங்கள். பேட்டரியைப் பொருத்திய பிறகு, இரண்டு விரல் நுனிகளில் தாங்கிப் பாருங்கள். கீழ் இறக்கை விமானத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தால்தான் ஆடாமல் நிற்கும்.

சு-27 போன்ற வடிவத்துக்கு இந்தக் கணக்கு குழப்பும். அதற்கு நான் செய்வது இது. விமானத்தின் மேல்தோற்றத்தை நான்கில் ஒரு பங்கில் 3 மி.மீ. டெப்ரானில் வெட்டி, மூக்கில் களிமண் உருண்டை ஒட்டி, வீட்டுக்குள் வீசிப் பார்ப்பேன். எகிறி எகிறி விழுந்தால் களிமண் போதவில்லை; குத்தினால் அதிகம். நேராகச் சறுக்கி வரும்போது அது எங்கே சமன்படுகிறது என்று குறித்து, நான்கால் பெருக்கினால் பெரிய விமானத்தின் புள்ளி கிடைக்கும். அதிலிருந்து ஒரு செ.மீ. முன்னால் வைத்து முதல் பறப்பு.

புள்ளியைச் சரியாக வைத்தால் போதாது, அது அங்கேயே இருக்கவும் வேண்டும். என் முதல் சு-27இல் பேட்டரியை வெல்க்ரோவில் ஒட்டியிருந்தேன், வெல்க்ரோ ஃபோம் போர்டின் காகிதத்தில் ஒட்டியிருந்தது. முழு வேகத்தில் செங்குத்தாக ஏற்றினேன். பாதி உயரத்தில் காகிதம் உரிந்து, பேட்டரி வால் பக்கம் வழுக்கியது. மூக்கு இன்னும் நிமிர்ந்தது, விமானம் நின்றது, பிறகு வால் முதலாக இறங்கியது. நான் ஸ்டிக்கை என்ன செய்தாலும் அதற்குக் கேட்கவில்லை. இப்போது தாளில் இரண்டு துளை போட்டு, பட்டை கோத்து இறுக்கிக் கட்டுகிறேன். பேட்டரிக்குப் பின்னால் ஒரு தடுப்புக் கட்டையும் உண்டு.

மோட்டாரை நேராக மாட்ட வேண்டாமா? வரைபடத்தில் சாய்வாக இருக்கிறதே.

சாய்வு சரிதான். பின்னாலிருந்து பார்க்கும்போது ப்ரொப்பெல்லர் கடிகாரத் திசையில் சுற்றினால், விமானம் இடப்புறம் இழுக்கும். அதனால் முன் மோட்டாரை 2 டிகிரி வலப்புறமும் 2 டிகிரி கீழ்நோக்கியும் திருப்பி மாட்டுகிறோம். மோட்டார் பலகைக்கு அடியில் இரண்டு வாஷர் போட்டால் வேலை முடிந்தது. அசல் விமானிகளுக்கும் இதே தொல்லைதான். மெர்லின் எஞ்சின் ஸ்பிட்ஃபயரில் பழகியவர்கள் கிரிஃபான் எஞ்சின் வைத்ததற்கு மாறியபோது, ப்ரொப்பெல்லர் எதிர்த்திசையில் சுற்றியதால் ஓடுபாதையில் இழுப்பும் மறுபக்கம் வந்தது.

பெயிண்ட் அடிக்கலாமா?

தண்ணீரில் கரையும் அக்ரிலிக் மட்டும், மெல்லிய பஞ்சால் ஒற்றி ஒற்றி. ஸ்ப்ரே டப்பாவில் உள்ள கரைப்பான் வெறும் ஃபோமைத் தின்றுவிடும். கறுப்பு நிறம் வெயிலில் சூடேறி டெப்ரானை நெளிய வைக்கும்.

அசல் ஜெட்டின் சாம்பல் நிறத்தை அப்படியே அடிக்காதீர்கள். அது வானத்தில் தொலைந்துபோகவே அடித்த நிறம், நம் விஷயத்திலும் தொலைந்துபோகும். மேகமூட்டத்தில் நூறு மீட்டர் தள்ளி அது திரும்புகிறதா, விலகிப் போகிறதா என்றே தெரியாது. மஸ்டாங்குக்கும் ஸ்பிட்ஃபயருக்கும் சரித்திரமே உதவுகிறது: 1944 ஜூனில் நார்மண்டித் தரையிறக்கத்துக்கு முன், சொந்தப் படையே சுட்டுவிடாமல் இருக்க நேச நாட்டு விமானங்களில் அகலமான கறுப்பு வெள்ளைப் பட்டைகள் அடித்தார்கள். இறக்கைக்கு அடியில் அந்தப் பட்டைகளை அடித்தால் அசலைப் போலவும் இருக்கும், மேல் எது கீழ் எது என்றும் தெரியும்.

ஏவுகணை, வெடிகுண்டு மாதிரிகளைத் தொங்கவிடலாமா?

ஃபோமில் செய்த வெறும் அலங்காரம் என்றால் சரி, இரு பக்கமும் சமமாக. முதல் பத்துப் பறப்புக்கு வேண்டாம். எடையைவிடக் காற்று இழுப்புதான் தொல்லை. பறக்கும்போது எதையும் கீழே போடும் ஏற்பாடு செய்யாதீர்கள்.

முதல் பறப்புக்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

ஸ்டிக்கை வலப்புறம் தள்ளினால் வலது எய்லரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் மடிப்பு) மேலே எழ வேண்டும். ஸ்டிக்கை உங்கள் பக்கம் இழுத்தால் எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடிப்பு) மேலே. ரொம்ப எளிமையான சோதனை, இதை விட்டுவிட்டு விமானத்தை உடைத்தவர்கள் ஏராளம். சு-27இல் வால் தகடுகள் இரண்டும் சேர்ந்தும் எதிரெதிராகவும் அசைய வேண்டும், ரிமோட்டில் எலிவான் கலவையை (எலிவேட்டர், எய்லரான் இரண்டின் வேலையையும் ஒரே தகட்டுக்குக் கொடுக்கும் அமைப்பு) போட்டால் அது நடக்கும். அசைவு தொடக்கத்தில் இரு பக்கமும் 10 மி.மீ. போதும், எக்ஸ்போ (ஸ்டிக்கின் நடுப்பகுதி அசைவை மென்மையாக்கும் ரிமோட் அமைப்பு) 30 சதவீதம். அப்புறம் தொலைவுச் சோதனை: ரிமோட்டோடு தள்ளிப் போனாலும் விமானம் கேட்கிறதா என்று. ரிமோட் தொடர்பு அறுந்தால் மோட்டார் நிற்கிறதா என்பதையும் பாருங்கள்.

காற்று ஓய்ந்த காலை நேரம். காற்றை எதிர்த்து, மூக்கைச் சற்றே உயர்த்தி, ஈட்டி எறிவதுபோல் நேராக விடுங்கள். இன்னொருவர் எறிந்தால் உங்கள் இரு கைகளும் ரிமோட்டில் இருக்கும். பின் ப்ரொப்பெல்லர் ஜெட் என்றால் விரல்கள் பிளவுக்கு முன்னால் இருக்கட்டும்.

இறங்கும்போது மட்டும் ஒவ்வொரு முறையும் புரண்டு விழுகிறது. ஏன்?

வேகத்தை அதிகம் குறைக்கிறீர்கள். தரை நெருங்க நெருங்க எலிவேட்டரை இழுத்துக்கொண்டே போனால் ஒரு இறக்கை முதலில் கைவிடும். கால்வாசி த்ராட்டிலை (மோட்டார் வேகத்தை) விட்டுவைத்து, மட்டமாகப் புல்லின் மேல் கொண்டுவாருங்கள். வயிறு தரையைத் தொடுவதற்கு ஒரு வினாடி முன்புதான் மோட்டாரை நிறுத்த வேண்டும். முன் ப்ரொப்பெல்லரை ரப்பர் வளையத்தில் மாட்டினால் தரையில் பட்டதும் விலகிக்கொள்ளும், உடையாது.

லைப்போ பேட்டரி வெடிக்கும் என்கிறார்களே?

தீப்பிடிக்கும், உண்மைதான். செல்லுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றாதீர்கள், 3.5க்குக் கீழே இறக்காதீர்கள், ஒரு வாரம் பயன்படுத்தாவிட்டால் 3.8இல் வையுங்கள். பேலன்ஸ் சார்ஜரில் (எல்லா செல்களையும் சமமாக ஏற்றும் சார்ஜர்), கண் முன்னால் மட்டும் சார்ஜ் போடுங்கள். மோதலுக்குப் பிறகு பேட்டரி உப்பியிருந்தாலோ நசுங்கியிருந்தாலோ அதோடு அதன் ஆயுள் முடிந்தது.

எங்கே பறக்கவிடலாம்?

ஆட்கள், சாலை, மின்கம்பி, விமான நிலையம் எதுவும் அருகில் இல்லாத திறந்த வெளியில். பல நாடுகளில் 250 கிராமுக்கு மேல் எடையுள்ள மாதிரிக்குப் பதிவு கேட்கிறார்கள், நம் விமானங்கள் எல்லாம் அதற்கு மேல்தான். உங்கள் நாட்டு விதியைப் பார்த்துவிட்டுப் போங்கள். உள்ளூர் மாடல் விமானக் கிளப் இருந்தால் இடமும் கிடைக்கும், எறிந்து தர ஆளும் கிடைக்கும்.

மூக்கு நொறுங்கிவிட்டது. புதிதாகச் செய்வதா, ஒட்டுவதா?

துண்டுகளை எல்லாம் பொறுக்கிக்கொண்டு வாருங்கள், பொடியைக்கூட. ஃபோம் உடையும்போது ஒன்றோடொன்று அப்படியே பொருந்தும்படிதான் உடையும், எபாக்ஸி தடவிச் சேர்த்தால் முறிவு இருந்த இடம் தெரியாது. கசங்கி நசுங்கிய பகுதியை மட்டும் சதுரமாக வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் துண்டு வையுங்கள். ஒட்டிய பிறகு தராசில் வைத்துப் பார்த்து, சிஜியை மறுபடி அளந்துகொள்ளுங்கள். மூன்றாவது முறை ஒட்டியதில் என் மஸ்டாங்கின் மூக்கு 40 கிராம் கூடியிருந்தது. பேட்டரியை ஒரு விரல்கடை பின்னால் தள்ளினேன், பழையபடி பறந்தது.